வெட்டிய விலையை நம்பலாமா? அவுட்லெட் தள்ளுபடியை எடைபோடும் விதம்

பிராண்ட் பொருளைத் தள்ளுபடியில் தருவதாகச் சொல்லும் அவுட்லெட் கடையில் ஒரு சட்டையின் டேகைத் திருப்பினால் இரண்டு விலை இருக்கும். மேலே பெரிய எண், அதன் குறுக்கே ஒரு கோடு. கீழே சிவப்பில் அதில் பாதி. கீழ் விலையைப் பார்த்தவுடன் கை பைக்குப் போகிறது. போக வைத்தது மேல் விலை. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதே சட்டை அந்த மேல் விலைக்கு எங்கேயாவது, எப்போதாவது விற்பனைக்கு வந்ததா?

வந்திருந்தால் தள்ளுபடி நிஜம். வரவில்லை என்றால் அங்கே தள்ளுபடி என்று எதுவும் நடக்கவில்லை; கீழே இருப்பதுதான் அந்தச் சட்டையின் ஒரே விலை. அது மோசமான சட்டை என்று இதற்கு அர்த்தமில்லை. வாங்கத் தகுந்ததாகவும் இருக்கலாம். ஆனால் "பாதி விலைக்குக் கிடைத்தது" என்ற கணக்கை விட்டுவிட்டு, "இந்தத் துணிக்கும் தையலுக்கும் இந்த விலை கொடுக்கலாமா" என்று கணக்குப் போட வேண்டும். இந்த இரண்டு கணக்கையும் குழப்பிக்கொள்வதால்தான் பணம் வீணாகிறது.

சரக்கு எங்கிருந்து வருகிறது

அவுட்லெட் என்பது ஆரம்பத்தில் ஆலையை ஒட்டிய கடை. பழுதான பீஸ், மிஞ்சிய பீஸ் இவற்றைத் தள்ளிவிட ஓர் இடம். 1974-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ரெடிங் நகரில் வேனிட்டி ஃபேர் ஆடை நிறுவனம் பல கடைகளை ஒரே வளாகத்தில் சேர்த்துத் திறந்த பிறகு, அவுட்லெட் என்பதே தனி வியாபாரமாக வளர்ந்தது. வளர்ந்ததும் ஒரு சிக்கல் வந்தது: மிச்சச் சரக்கு போதவில்லை. ஒழுங்காக நடக்கும் நிறுவனத்தில் மிச்சம் குறைவாகத்தான் விழும். கடைகளோ வருடம் முழுக்க எல்லா சைஸிலும் அலமாரி நிறைய வேண்டும் என்கின்றன. அதனால் பல பிராண்டுகள் அவுட்லெட்டுக்கென்றே தனியாகத் தைக்கத் தொடங்கின. 2014 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் நான்கு பேர், இப்படித் தனியாகத் தைத்த சரக்கில் "பழைய விலை" போடுவது வாங்குபவரை ஏமாற்றுவதாகாதா என்று விசாரிக்கச் சொல்லி அந்நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துக்குக் கடிதம் எழுதினார்கள்.

ஆக, இன்று ஒரே ரேக்கில் நான்கு வகைச் சரக்கு கலந்து தொங்கும். முதல் வகை, முழு விலைக் கடையில் விற்காமல் மிஞ்சியது. இதில் வெட்டிய விலை உண்மை. இரண்டாவது, செகண்ட்ஸ்: தையலிலோ சாயத்திலோ குறை இருப்பது. குறை எங்கே என்று தெரிந்தால் இதுவும் நல்ல பேரம். மூன்றாவது, திரும்பி வந்தவை, காட்சிக்கு வைத்தவை, பழுது பார்த்தவை. நான்காவது, அவுட்லெட்டுக்கென்றே செய்தது. பெரிய பிராண்டுகளின் சொந்த அவுட்லெட்டுகளில் இந்த நான்காவது வகைதான் அதிகமாகக் கண்ணில் படும் என்று எடுத்துக்கொண்டு உள்ளே போவது நல்லது.

பல பிராண்டுகளின் மிச்சத்தை மொத்தமாக வாங்கி விற்கும் கடைகள் வேறு ரகம். அங்கே முதல் வகைச் சரக்கு கிடைக்க வாய்ப்பு கூடுதல். ஆனால் அங்கும் "ஒப்பீட்டு விலை" என்று ஒன்று அச்சடித்திருப்பார்கள். அது யார் கடையில், எந்தப் பொருளோடு ஒப்பிட்டது என்று டேகில் இருக்காது.

ரேக்கைப் பார்த்தே பாதி தெரியும்

துணியைத் தொடுவதற்கு முன் ரேக்கை ஒரு முறை பாருங்கள். ஒரே டிசைன் ஆறு நிறத்தில், எல்லா சைஸிலும், மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தால் அது மிச்சம் அல்ல. மிச்சம் என்றால் ஓட்டை விழுந்த வரிசையாக இருக்கும்: மிகச் சின்ன சைஸ் இரண்டு, மிகப் பெரிய சைஸ் மூன்று, நடு சைஸ் ஒன்றுகூட இருக்காது. நிறமும் யாரும் எடுக்காத கடுகு மஞ்சளாகவோ பாசிப் பச்சையாகவோ இருக்கும். ஒரு டிசைனில் ஒன்றிரண்டு பீஸுக்கு மேல் தேறாது. பெரும்பாலும் இவை கடையின் பின்பக்கம், "கிளியரன்ஸ்" பலகைக்குக் கீழே, ஒழுங்கில்லாமல் தொங்கும். முன்வாசலில் அழகாக அடுக்கியிருப்பதை விட்டு நேரே பின்னால் போவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

அடுத்தது டேக். முழு விலைக் கடையிலிருந்து வந்த பொருளில் அந்தக் கடையின் சொந்த டேக் இருக்கும். அதில் ஒரு விலைதான் அச்சாகியிருக்கும். குறைத்த விலை அதன்மேல் ஸ்டிக்கராகவோ பேனாவாலோ வந்திருக்கும். சில சமயம் ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கராக மூன்று அடுக்கு. அது நல்ல அறிகுறி. ஒவ்வொரு ஸ்டிக்கரும் ஒரு தடவை விலை இறங்கியதற்குச் சாட்சி. மாறாக, இரண்டு விலையும் ஒரே மையில், ஒரே அச்சில், ஒரே டேகில் வந்திருந்தால் அந்தப் பொருள் ஆலையை விட்டுப் புறப்படும்போதே "தள்ளுபடி"யோடுதான் புறப்பட்டது. மேல் விலைக்கு அது ஒரு நாளும் தொங்கியிருக்க வாய்ப்பில்லை.

பிறகு கழுத்து லேபிள். சில பிராண்டுகள் அவுட்லெட் சரக்குக்குப் பெயரின் கீழ் சின்ன அடையாளம் வைத்தன. காப் நிறுவனத்தின் ஃபேக்டரி (அவுட்லெட்டுக்கென்றே செய்யும்) உடைகளில் பெயருக்குக் கீழே மூன்று சதுரங்கள், பனானா ரிபப்ளிக் ஃபேக்டரியில் மூன்று வைர வடிவக் கட்டங்கள், ஜே.க்ரூ ஃபேக்டரியில் இரண்டு. கோச் கைப்பைகளில், டிசைனைக் குறிக்கும் ஸ்டைல் எண்ணுக்கு முன்னால் எஃப் என்ற ஆங்கில எழுத்து நின்றால் ஃபேக்டரி சரக்கு என்று பொருள். இந்த அடையாளங்களை நிறுவனங்கள் அவ்வப்போது மாற்றுகின்றன. அதனால் அடையாளம் இல்லாததை வைத்து "இது அசல் கடைச் சரக்கு" என்று முடிவுக்கு வர முடியாது. இருந்தால் மட்டும் உறுதி.

லேபிளின் குறுக்கே மார்க்கர் கோடு, ஓட்டை, பாதி வெட்டு இவற்றில் ஏதாவது இருந்தால் பயப்பட வேண்டாம். முழு விலைக் கடையில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்வது அது. சொல்லப்போனால், வெட்டிய லேபிள் மிச்சச் சரக்குக்கோ செகண்ட்ஸுக்கோ அறிகுறி. "இர்ரெகுலர்" என்ற முத்திரை இருந்தால் மட்டும் குறையைத் தேடிப் பார்க்க வேண்டும்.

எண்ணை வைத்துத் தேடுவது

உறுதியான சோதனை ஸ்டைல் எண்தான். விலை டேகில் இருப்பது சில சமயம் கடையின் உள் எண்ணாக இருக்கும்; அதை விடுங்கள். சட்டையின் இடது உள்தையலில் தொங்கும் துவைப்பு லேபிளைப் புரட்டுங்கள். இரண்டாவது, மூன்றாவது இதழில் சின்ன எழுத்தில் ஸ்டைல் எண் இருக்கும். பக்கத்தில் சீசனும் வருடமும் சேர்ந்த குறியீடு ஒன்றும் இருக்கலாம். அதே லேபிளில் ஆர்.என். என்று தொடங்கும் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். அமெரிக்காவில் அது நிறுவனத்தின் பதிவு எண். அந்த நிறுவனத்தின் எல்லாப் பொருளிலும் ஒன்றாகவே வரும்.

பிராண்ட் பெயரோடு ஸ்டைல் எண்ணைப் போனில் தேடுங்கள். அதே எண் பிராண்டின் முதன்மைத் தளத்திலோ வேறு பெரிய கடைகளிலோ, வாடிக்கையாளர் கருத்துகளோடு வந்தால் அது நிஜமாக விற்பனைக்கு வந்த பொருள். அவுட்லெட் தளத்தில் மட்டும் வந்தால் விடை தெரிந்துவிட்டது. எதுவுமே வரவில்லை என்றால் படத்தை வைத்துத் தேடுங்கள். ஆனால் படம் ஒத்துப்போவதை முழுதாக நம்பக் கூடாது. அவுட்லெட் சரக்கு பெரும்பாலும் முழு விலைப் பொருளின் அச்சு அசல் ஜாடையில்தான் இருக்கும். ஜாடை ஒன்று, துணி வேறு. இரண்டின் துணிக் கலவையையும் ஒப்பிடுங்கள். அங்கே முழுப் பருத்தி, இங்கே 60 சதவீதம் பருத்தி, மிச்சம் பாலியெஸ்டர் என்றால் இரண்டும் வேறு வேறு பொருள்.

பழைய விலையைத் தெரிந்துகொள்ள இன்னும் இரண்டு வழி உண்டு. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும், இன்டர்நெட் ஆர்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் அந்தப் பொருளின் பக்க முகவரியைப் போட்டால் சில சமயம் மாதங்களுக்கு முந்தைய விலை அப்படியே கிடைக்கும். அமேசானில் விற்கும் பொருள் என்றால் கீப்பா, கேமல்கேமல்கேமல் ஆகிய தளங்கள் விலை ஏறி இறங்கிய வரைபடத்தையே காட்டும். அதில் பார்க்க வேண்டியது உச்ச விலை அல்ல. அதிக நாள் நீடித்த விலை. ஒரு வாரம் ஏற்றிவைத்து, பிறகு இறக்கி, "பாதி விலை" என்று சொல்வது பழைய வித்தை.

இந்த வித்தைக்குச் சட்டத்திலும் பதில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல், விலை குறைத்ததாக அறிவிக்கும் கடை அதற்கு முந்தைய 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும். அறிவிக்கும் சதவீதமும் அந்த விலையிலிருந்துதான் கணக்கிடப்பட வேண்டும் என்று ஒன்றியத்தின் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் சொன்னது. அமெரிக்க வழிகாட்டு விதிகளும் பழைய விலை என்பது கணிசமான காலம் பொதுமக்களுக்கு வழக்கமாக விற்பனைக்கு வைத்த நிஜ விலையாக இருக்க வேண்டும் என்கின்றன. ஆனால் "முந்தைய விலை" என்று போடாமல் "பரிந்துரை விலை" என்று போட்டால், 30 நாள் விதி அதைத் தொடுவதில்லை. அதனால் வெட்டிய எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சொல்லைப் படியுங்கள். "முந்தைய விலை" என்பது ஒரு உரிமைகோரல்; பொய் என்றால் கேள்வி கேட்கலாம். "பரிந்துரை விலை", "ஒப்பீட்டு விலை", "மதிப்பு" இவையெல்லாம் ஓர் அபிப்பிராயம்.

சதவீதக் கணக்கு

"50 சதவீதம் தள்ளுபடி, அதன்மேல் இன்னும் 20 சதவீதம்." மனசு 70 என்று கூட்டிவிடும். விலை 100 என்று வைத்துக்கொண்டால் முதல் தள்ளுபடியில் 50 ஆகிறது, அந்த 50-இல் 20 சதவீதம் 10, கொடுப்பது 40. ஆக 60 சதவீதம்தான். 40-உம் 30-உம் சேர்ந்தால் 58. "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பது மூன்றும் ஒரே விலையாக இருந்தால் 33 சதவீதம்; விலை வேறு வேறு என்றால் மலிவானதுதான் இலவசமாகும் என்பதால் அதைவிடக் குறையும். "இரண்டாவது பாதி விலை" வெறும் 25 சதவீதம், அதுவும் இரண்டாவது உங்களுக்கு வேண்டும் என்றால். "70 சதவீதம் வரை" என்ற பலகையில் கனமான சொல் "வரை".

இவ்வளவு கணக்குக்கும் மாற்றாக ஒரு கைவைத்தியம்: வெட்டிய விலையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்ளுங்கள். கீழே இருக்கும் விலை மட்டும் ஒரு சாதாரணக் கடையில் ஒட்டியிருந்தால் இதை எடுப்பீர்களா? சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றும், ஆனால் வேலை செய்கிறது. முதலில் கண்ணில் பட்ட எண் பிறகு போடும் எல்லா மதிப்பீட்டையும் தன் பக்கம் இழுக்கும் என்பதை உளவியலாளர்கள் டுவெர்ஸ்கியும் கானெமனும் 1974-லேயே சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். விஷயம் தெரிந்தவரையும் அது இழுக்கும். மறைப்பதுதான் மருந்து.

ஒரு சட்டையைப் புரட்டிப் பார்ப்போம்

முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஜன்னல் வெளிச்சம் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். கடை விளக்கில் சாய வேறுபாடு தெரியாது.

முதலில் காலர். இரண்டு விரலால் நுனியைத் தேய்த்துப் பாருங்கள். மேல் துணியும் உள்ளே ஒட்டிய கேன்வாஸும் ஒரே உடம்பாக நகர வேண்டும். இரண்டும் தனித்தனியே வழுக்கினாலோ சின்னக் குமிழி தெரிந்தாலோ ஒட்டுப் பசை சரியாகப் பிடிக்கவில்லை. நாலு தடவை துவைத்தால் காலர் முழுக்கக் கொப்புளம் எழும். எந்த இஸ்திரிப் பெட்டியும் அதை அமுக்காது. காலரின் அடிப்பக்கத்தில் விறைப்புக் குச்சி கழற்றும்படி இருக்கிறதா, உள்ளேயே தைத்துவிட்டார்களா என்றும் பாருங்கள். தைத்துவிட்டது என்றால் செலவைக் குறைத்திருக்கிறார்கள். நாளடைவில் அதன் தடம் மேல் துணியில் பளபளப்பாகத் தெரியும்.

அடுத்து தையல். பட்டன் பட்டியில் 2.5 சென்டிமீட்டர் நீளத்தை அளந்து, தையல் கண்ணிகளை எண்ணுங்கள். 14-க்கு மேல் இருந்தால் கவனமாகத் தைத்தது. 8, 9 என்றால் நேரத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே 7, 8 இருப்பதே முறை. சட்டையை உள்வெளியாகத் திருப்பி விலாத் தையலைப் பாருங்கள். துணியின் விளிம்பு மடித்து மூடப்பட்டிருந்தால் நல்ல வேலை. விளிம்பின்மேல் நூலைச் சுற்றும் வெறும் ஓவர்லாக் போட்டு விட்டிருந்தால் அது மலிவு வேலை; கிழிந்துவிடும் என்று இல்லை, ஆனால் "முன்பு மூன்று மடங்கு விலை" என்ற கதை அதோடு பொருந்தாது. தையல் இப்போதே சுருங்கிச் சுருங்கி ஓடினால் நூலின் இழுப்பு அதிகம். துவைத்த பின் இன்னும் மோசமாகும்.

கட்டம் போட்ட சட்டை என்றால் பொய் சொல்லவே முடியாது. பாக்கெட்டின் கட்டம் பின்னால் இருக்கும் துணியின் கட்டத்தோடு சேர்கிறதா? பட்டியின் இரண்டு பக்கக் கோடும் நேருக்கு நேர் வருகிறதா? கட்டம் சேர்க்க வேண்டும் என்றால் வெட்டும்போது துணி கூடுதலாகக் கழியும். அந்தக் கழிவுச் செலவைத்தான் அவுட்லெட் தையலில் முதலில் வெட்டுவார்கள். இதே காரணத்தால்தான் முதுகின் மேல் பட்டை ஒரே துண்டாக இருக்கும், கைப்பட்டியில் இரண்டுக்குப் பதில் ஒரு பட்டன் இருக்கும், மாற்றுப் பட்டனே இருக்காது.

காஜாவின் உட்புறத்தில் நூல் பிசிறு தொங்குகிறதா என்று பாருங்கள். பட்டனைத் திருகிப் பாருங்கள். நாலு சுற்று நூலில் நிற்பது முதல் மாதமே கையோடு வரும்.

டி-ஷர்ட் என்றால் தோள் இரண்டையும் பிடித்துத் தொங்கவிடுங்கள். பக்கத் தையல் நேராகத் தரையைப் பார்க்க வேண்டும். முன்பக்கம் சுற்றி வந்தால் துணி முறுக்கோடு வெட்டப்பட்டிருக்கிறது. துவைக்கத் துவைக்க இன்னும் சுற்றும். துணியின் எடை சதுர மீட்டருக்கு 180 கிராம் இருந்தால் கனமாக நிற்கும். 140-க்குக் கீழே போனால் வெளிச்சத்தில் கை தெரியும். எடை லேபிளில் இருக்காது. ஒற்றை மடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்தால் போதும்.

பேன்ட் என்றால் இடுப்பின் பின்தையலுக்குள் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 2, 3 சென்டிமீட்டர் இருந்தால் பின்னாளில் தளர்த்தலாம். அவுட்லெட் சரக்கில் அது அநேகமாக இருக்காது.

செகண்ட்ஸ் எடுப்பவருக்கு ஒரு எச்சரிக்கை: அளவை நம்பாதீர்கள். அளவுக் குறைதான் செகண்ட்ஸில் கண்ணுக்குத் தெரியாத குறை. ஒரே சைஸில் மூன்று பீஸை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் ஒன்றின் கை 2 சென்டிமீட்டர் குட்டையாக இருப்பது தெரியும். இரண்டு கைகளையும், இரண்டு கால்களையும் ஒன்றோடொன்று மடித்தும் பாருங்கள்.

செருப்பு, ஷூ, பை

பழைய சரக்கு என்றால் ஆடைக்குப் பெரும்பாலும் கேடில்லை. ஷூவுக்குக் கேடு. பாலியூரித்தேன் நுரையில் செய்த நடு அடி, பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் காற்றின் ஈரத்தை இழுத்து உள்ளுக்குள் உளுத்துப்போகும். வெளியே புத்தம் புதிது. போட்டு நடந்த இரண்டாம் நாள் அடி கேக் போல உதிரும். மலையேறும் பூட்ஸிலும் பழைய மாடல் விளையாட்டு ஷூக்களிலும் இது நடக்கும். நாக்கின் உட்புறம் இருக்கும் சின்ன லேபிளில் உற்பத்தி மாதமும் வருடமும் இருக்கும். ஐந்து வருடம் தாண்டிவிட்டால் எவ்வளவு மலிவு என்றாலும் விட்டுவிடுங்கள். அதற்கு உட்பட்டது என்றாலும் நடு அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெல்லிய வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் வேண்டாம். ஷூ அடியில் வரும் இன்னொரு வகையான ஈ.வி.ஏ. நுரை இப்படி உதிராது. ஆனால் வயதாக ஆகக் கெட்டிப்பட்டுத் துள்ளல் போய்விடும். பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல் ஜாக்கெட், மழைக் கோட்டு இவற்றின் உள்பூச்சுக்கும் அதே விதி. இடுப்பு எலாஸ்டிக்கை இழுத்து விட்டுப் பாருங்கள். நறநறவென்று சத்தம் வந்தால் ரப்பர் செத்துவிட்டது.

தோல் பொருளில் "அசல் தோல்" என்ற முத்திரைக்குத் தரம் என்று பொருள் இல்லை. தோல் இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். தோலின் மேல் பரப்பைச் சீவாமல் வைத்த முழுப்பரப்புத் தோல் ஒரு விலை. கீழ் அடுக்கை எடுத்து மேலே பிளாஸ்டிக் பூச்சுப் பூசியது வேறு விலை. தோல் துகளைப் பசையோடு அழுத்திச் செய்த "பாண்டட்" வகை இரண்டு மூன்று வருடத்தில் தோல் உரியும். பையின் வார் முடியும் இடத்தில், பூசாத வெட்டு விளிம்பு எங்காவது தெரிகிறதா என்று தேடுங்கள். நார் நாராக இருந்தால் தோல். அடியில் துணி வலை தெரிந்தால் செயற்கை. விளிம்புச் சாயம் இப்போதே வெடித்திருந்தால் வார் மடங்கும் இடத்தில் ஆறு மாதத்தில் உரியும். ஜிப்பைப் பத்து முறை இழுங்கள். வளைவில் சிக்குகிறதா பாருங்கள். ஒய்.கே.கே. என்ற பேர்பெற்ற நிறுவனத்தின் ஜிப் இருப்பது நல்லதுதான், ஆனால் மலிவுப் பையிலும் நல்ல ஜிப் போடலாம். ஜிப் பைக்கு ஜாமீன் ஆகாது.

படுக்கை விரிப்பில் நூல் எண்ணிக்கை 800, 1000 என்று போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். முறுக்கிய நூலின் ஒவ்வொரு இழையையும் தனித்தனியாக எண்ணி அந்தக் கணக்கு வந்திருக்கும். சமையல் பாத்திர செட்டில் மூடியையும் கரண்டியையும் சேர்த்து எண்ணியிருப்பார்கள். மூடியைக் கழித்துவிட்டு ஒரு பாத்திரத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். மின்சாதனத்தில் மாடல் எண்ணின் கடைசி எழுத்து வரை தேடுங்கள். ஒரே பெயரில், ஒரு எழுத்து மட்டும் மாறி, ஒரு போர்ட் குறைந்து வருவது உண்டு. பேட்டரி உள்ளதென்றால் உற்பத்தித் தேதி முக்கியம். ஹெல்மெட், குழந்தைகளுக்கான கார் இருக்கை, அழகுசாதனம் இவற்றில் தேதியைப் பார்க்காமல் விலையைப் பார்க்கவே கூடாது.

கடைக்கு வெளியே இருக்கும் செலவு

அவுட்லெட் வளாகங்கள் ஊருக்கு வெகு தொலைவில் இருப்பதற்கு இட மலிவு ஒரு காரணம். பிராண்டின் சொந்த முழு விலைக் கடையோடு போட்டி வந்துவிடக் கூடாது என்பது இன்னொன்று. மூன்றாவது விளைவு வாங்குபவருக்கு: ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப மனம் வராது. அதனால் போகும் முன்பே ஒரு சீட்டு எழுதுங்கள். என்ன வேண்டும், எந்த அளவு, எவ்வளவு வரை கொடுக்கலாம், அதே பொருள் சாதாரணக் கடைத் தள்ளுபடிக் காலத்தில் என்ன விலைக்கு வந்தது. கடைசி வரிதான் முக்கியம். முழு விலைக் கடையே சீசன் முடிவில் 40 சதவீதம் குறைக்கும் என்றால், அவுட்லெட்டின் 50 சதவீதத்தை அந்த 60-ஓடு ஒப்பிட வேண்டும், 100-ஓடு அல்ல. அப்படிப் பார்த்தால் மிச்சம் 10.

பயணச் செலவு, சுருக்கித் தைக்கும் கூலி, டிரை கிளீனிங் மட்டுமே செய்யலாம் என்ற லேபிள் இவற்றையும் விலையோடு கூட்டுங்கள். பயன்படுத்திய பொருள் விற்கும் தளத்தில் அதே பிராண்டின் ஃபேக்டரி வகை என்ன விலைக்குப் போகிறது என்று ஒரு பார்வை பார்த்தால், அந்தப் பொருளைப் பற்றிச் சந்தையின் நேர்மையான அபிப்பிராயம் கிடைத்துவிடும்.

பணம் கட்டும் முன் பில் கவுன்டரில் நான்கு கேள்வி: திருப்பிக் கொடுக்கலாமா, மாற்ற மட்டும்தான் முடியுமா, எத்தனை நாள், முழு விலைக் கடையிலும் எடுத்துக்கொள்வார்களா. "இறுதி விற்பனை" என்று முத்திரை இருந்தால் கவுன்டரிலேயே பிரித்து, ஜிப், பட்டன், ஜோடி, சைஸ் எல்லாம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இடது 8, வலது 9 என்று ஷூ பெட்டிக்குள் இருப்பது அவுட்லெட்டில் அதிசயம் இல்லை. மின்சாதனம் என்றால் உத்தரவாதம் உற்பத்தியாளருடையதா, கடையுடையதா, எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் டேகைக் கிழிக்க வேண்டாம். பகல் வெளிச்சத்தில் ஒரு முறை விரித்து, இரண்டு கைகளும் உடம்பும் ஒரே சாயமா என்று பாருங்கள். ஒரே மாதிரி மூன்று வாங்கியிருந்தால் ஒன்றை மட்டும் பிரித்து, அளந்து வைத்துக்கொண்டு, லேபிளில் சொன்ன சூட்டில் துவைத்துக் காயவைத்து, முன்பு அளந்த அளவோடு ஒப்பிடுங்கள். மற்ற இரண்டும் பில்லோடு அப்படியே இருக்கட்டும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிய இரண்டு நாள் இருக்கும் வரை.